உரிமையாளர் இல்லாத சேவல்

நோய் இல்லாத ஊரில் நோயாராய்ச்சி நிலையம் நடத்துவது எத்துணைக் கடினமான பணி என்பதை வெளியிலிருப்பவர்கள் அறியமாட்டார்கள். ஓசூரிலிருந்து பேரிகை செல்லும் சாலையில், ஓர் ஏரிக்கரையை ஒட்டி, எங்கள் நிலையம் அந்தப் பணியை இரண்டாண்டுகளாகச் செய்துவந்தது. காட்டுப் பறவைகளிடமிருந்து வீட்டுப் பறவைகளுக்குக் கொள்ளைநோய் பரவுகிறதா என்று கண்டறிவதே நிலையத்தின் நோக்கம். அதற்குக் காட்டுப் பறவை வேண்டும், வீட்டுப் பறவை வேண்டும், நோயும் வேண்டும். 1958ஆம் ஆண்டு மாசி மாதம் வரையில் இவற்றுள் ஒன்றும் எங்களிடம் இல்லை. மற்றபடி நிலையம் நல்ல முறையில் நடந்துவந்தது.

அதில் நான் இளநிலை எழுத்தனாக இருந்தேன். எனக்கு மேலே தலைமை எழுத்தர் திரு. அருள்ஜோசப் அவர்கள். அவருக்கு மேலே இயக்குநர் அவர்கள். எனக்குக் கீழே டவாலி சின்னராஜ். சின்னராஜுக்குக் கீழே பறவைகள் இருந்திருக்க வேண்டும். அந்த இடம் காலியாக இருந்தது.

காட்டுப் பறவைகள் கிடைக்காமைக்கு நாங்கள் பொறுப்பல்ல என்பதைப் பணிவுடன் கூறிக்கொள்கிறேன். ஏரியின் தென்பாதி சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தது. வடபாதி மைசூர் ராஜ்யத்தைச் சேர்ந்தது. குளிர்காலத்தில் எங்கிருந்தோ வந்து இறங்கும் கிளுவை வாத்துகள் பகலெல்லாம் மைசூரில் மேய்ந்துவிட்டு, இருட்டிய பிறகு உறங்குவதற்கு மட்டும் சென்னை ராஜ்யத்துக்கு வந்தன. வன இலாகா எங்களுக்கு வழங்கியிருந்த அனுமதியோ பகற்பொழுதுக்கு மட்டுமே செல்லும். மைசூர் சர்க்காருக்கு எழுதினோம். ஏழு மாதங்களுக்குப் பின் கன்னடத்தில் ஒரு பதில் வந்தது. சின்னராஜுக்குக் கன்னடம் தாய்மொழி போலத் தெரியும். ஆயினும் டவாலியின் மொழிபெயர்ப்பைக் கோப்பில் சேர்க்க விதியில்லை என்பதால், அதைச் சேலத்துக்கு அனுப்பினோம். இரண்டு மாதங்களில் மொழிபெயர்ப்பு வந்தது. 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்று அதில் இருந்தது.

வீட்டுப் பறவைகளின் நிலையும் அதுவே. நோயுற்ற கோழிகளை மட்டுமே விலைக்கு வாங்கலாம் என்று எங்களுக்கு உத்தரவு. சுற்றுவட்டாரத்தில் ஒரு கோழிக்கும் நோயில்லை. இயக்குநர் அவர்கள் ஜீப்பில் ஒவ்வொரு பட்டியாகச் சென்று, "உங்கள் கோழிகள் சாகின்றனவா?" என்று அன்புடன் விசாரிப்பார். ஏரிக்கு மேற்கேயுள்ள பட்டியில் சென்னம்மாள் என்ற பெண்மணி, கையிலிருந்த முறத்தைக் கீழே வைக்காமலே, "எங்கூட்டுக் கோழி எதுக்குங்க சாகணும்? தொரை கேட்டாருன்னு சாகுமா?" என்று கேட்டுவிட்டாள். இயக்குநர் அவர்கள் அதைத் தம் நாட்குறிப்பில், 'பொதுமக்களின் ஒத்துழைப்பு போதாது' என்று பதிந்துகொண்டார்.

அந்த மார்கழியில் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மார்ச்சு முப்பத்தொன்றுக்குள் முடிவு எதுவும் காணப்படாவிடில் நிலையம் மூடப்படும் என்பது அதன் சாரம். குடியரசு நாளன்று கொடியேற்றிவிட்டு இயக்குநர் அவர்கள் எங்கள் மூவர் முன்னிலையில் உரையாற்றினார்.

"நண்பர்களே, சென்ற கோடையில் நம் தேசமெங்கும் சளிக்காய்ச்சல் பரவியது. அந்தக் கிருமியும் கோழிக் கொள்ளைநோய்க் கிருமியும் பங்காளிகள் என்று அயல்நாட்டு அறிஞர்கள் கூறுகின்றனர். மனிதர்களுக்கு வந்தது, பறவைகளுக்கு வரவில்லை. இந்தப் பாரபட்சம் எனக்கு வேதனை தருகிறது. நோய் வரவேண்டும் என்று விரும்புகிறவன் அல்லன் நான். ஆனால் எங்கேனும் வரத்தான் போகிறதென்றால், அது நம் ஆளுகைக்கு உட்பட்ட இடத்தில் வரட்டும் என்று எண்ணுவது குற்றமாகுமா?"

குற்றமாகாது என்று திரு. அருள்ஜோசப் தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

மாசி மாதக் கடைசியில் ஒரு நாள் காலை, ஒரு செஞ்சேவல் எங்கள் நிலையத்துக்குள் தானாகவே நடந்துவந்தது. வாயிற்படி ஏறி, இயக்குநர் அவர்களின் அறைக்குள் புகுந்து, மேசைக்கடியில் சிந்தியிருந்த பொரிகடலையைத் தின்றது. சின்னராஜ் கண்டான்; ஆனால் விரட்டவில்லை.

"அதை ஏன் விரட்டாமல் நிற்கிறாய்?" என்றார் இயக்குநர் அவர்கள்.

"விரட்டக் கூடாதுங்க. மாரியம்மனுக்கு நேந்துவிட்ட சேவலுங்க அது. எங்க வேணும்னாலும் போவும், எதை வேணும்னாலும் தின்னும். யாரும் சூன்னு சொல்லமாட்டோம்."

"யாருடையது?"

"அம்மனோடதுங்க."

இயக்குநர் அவர்கள் எழுந்து நின்றார். கதவைச் சாத்தும்படி என்னிடம் கூறினார். சாத்தினேன். அந்தக் கதவைச் சாத்தியவன் நான்தான் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அன்று பிற்பகல் சென்னம்மாள் சேவலைத் தேடிக்கொண்டு வந்தாள். அதன் வரலாற்றை அவள் சொல்லித்தான் அறிந்தேன். முந்தைய ஆனியில் அவள் கணவன் கங்கப்பன் சளிக்காய்ச்சலில் படுத்தான். பதினொரு நாள் நினைவில்லை. பேரிகைச் சந்தைக்கு அவனோடு காய்கறி கொண்டுபோகும் இருவர் அதே காய்ச்சலில் இறந்தார்கள். சென்னம்மாள் தன் வீட்டிலிருந்த ஒரே சேவற்குஞ்சின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, 'இவரு எந்திரிச்சா பங்குனித் திருநாளுக்கு இது உனக்கு' என்று அம்மனிடம் விட்டாள். கங்கப்பன் எழுந்தான். பழைய வலிவு மட்டும் திரும்பவில்லை. நான்கு அடி நடந்தால் இருமுவான். அவளுடைய பதினொரு பெட்டைக் கோழிகளின் முட்டைகள்தாம் அந்த வீட்டில் அடுப்பெரியச் செய்தன. திருநாளுக்கு இன்னும் ஒரு மாதமிருந்தது.

சேவலைத் திருப்பித் தர எங்களுக்குத் தடையேதும் இல்லை. விண்ணப்பம் ஒன்றைப் பூர்த்தி செய்தால் போதும். அதில் ஏழாவது கட்டம் 'பறவையின் உரிமையாளர் பெயர்' என்பது.

"உன் பெயரைச் சொல்லம்மா, எழுதிக்கொள்கிறேன்" என்றேன்.

"எம் பேரு எதுக்குங்க சார்? அது அம்மனோட சேவலு."

"அது தெரியும். காகிதத்துக்கு மட்டும் உன்னுடையது என்று சொல்."

அவள் இரண்டடி பின்வாங்கினாள். "ஐயோ சார், விட்ட பொருளை என்னுதுன்னு வாயால சொல்லக் கூடாது. சொன்னா வேண்டுதலு முறிஞ்சிடும். அந்த மனுசன் மறுபடி படுத்துருவாரு."

திரு. அருள்ஜோசப் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அப்படியானால் அம்மன் கையொப்பமிடட்டும்."

"அம்மன் எங்கூரு ஏரிக்கரையிலதான் இருக்குது. காயிதத்தைக் குடுங்க, முன்னால வெக்கிறேன்" என்றாள் அவள். அவள் கேலி செய்யவில்லை. அதனால்தான் திரு. அருள்ஜோசப் கோபப்பட முடியாமல் போயிற்று.

இயக்குநர் அவர்களே வெளியே வந்தார். மிகவும் கனிவாகக் கேள்விகள் கேட்டார்.

"அம்மா, இந்தச் சேவலை இரவில் கூடையில் கவிழ்ப்பீர்களா?"

"இல்லீங்க தொரை. அதும் இஷ்டத்துக்குப் புங்கமரத்துல தங்கும். சில நாளு கோயிலு மேல தங்கும்."

"தீனி போடுவீர்களா?"

"போட்டாலும் தின்னும், போடாட்டியும் எங்கியாச்சும் தின்னும்."

"உங்கள் சொல்லைக் கேட்குமா?"

"அது யாரு சொல்லையும் கேக்காதுங்க. தொரைங்க மாதிரிதான்."

இயக்குநர் அவர்கள் கண்களை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் அத்தகைய ஒளியை நான் அதற்குமுன் கண்டதில்லை. "எழுதிக்கொள்ளும்" என்று என்னிடம் கூறினார். "உரிமையாளர் இல்லை. வசிப்பிடம் மரம். மனிதக் கட்டுப்பாட்டுக்கு உட்படாதது. தானே இரை தேடுவது. வகை: காட்டுப் பறவை."

"ஐயா, அது சேவல்" என்றேன். ஈராண்டுப் பணியில் நான் அவரிடம் கூறிய ஒரே மாற்றுக் கருத்து அது.

"தோற்றத்தைக் கண்டு மயங்குவது பாமரர் வழக்கம். விஞ்ஞானம் வரையறையால் நடப்பது" என்றார். நான் எழுதிக்கொண்டேன்.

இவ்வாறு எங்கள் நிலையத்துக்கு முதல் காட்டுப் பறவை கிடைத்தது. மேலிடத்துக்குத் தந்தி போயிற்று. வெறுங்கையோடு வீடு திரும்பிய சென்னம்மாளிடம் கங்கப்பன் சொன்னதை மறுநாள் சின்னராஜ் வந்து சொன்னான்: "அம்மனுக்கு விட்டதைச் சர்க்காரு எடுத்துக்கிச்சா? நல்லதாப் போச்சு. இனிமே எனக்கு ஆயுசையும் சர்க்காரே குடுக்கட்டும்."

காட்டுப் பறவையைச் சிறைவைக்க ஏழு நாள் வரையில்தான் விதி இடம் தந்தது. நான்காம் நாள், எட்டு மாதங்களுக்கு முன் நாங்கள் வடக்கேயுள்ள ஓர் ஊருக்கு எழுதிக் கேட்டிருந்த நோயுற்ற கோழிகள் வந்துசேர்ந்தன. பெங்களூர் வரை ரயிலிலும், அங்கிருந்து பஸ்ஸின் கூரையிலும் பயணம் செய்திருந்தன. இரண்டில் ஒன்று வழியிலேயே பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது. மற்றொன்று கொண்டை கறுத்து, மூக்கில் நீர் வழிய, கழுத்தைத் தொங்கவிட்டபடி இருந்தது.

நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட கூண்டு ஒன்றே. இரண்டாவது கூண்டுக்கான விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. நோயுள்ள கோழியை எங்கே வைப்பது என்று சின்னராஜ் கேட்டான்.

"கூண்டில்" என்றார் திரு. அருள்ஜோசப்.

"கூண்டுல சேவல் இருக்குதுங்களே?"

"பறவைகளை வைப்பதற்குத்தானே கூண்டு?"

"சார், இது சீக்குக் கோழி. பக்கத்துல வெச்சா அதுக்கும் ஒட்டிக்குமே. எங்கூருச் சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

திரு. அருள்ஜோசப் பொறுமையாக விளக்கினார். "ஒட்டிக்கொள்ளுமா என்பதைக் கண்டறியத்தான் இந்த நிலையமே நிறுவப்பட்டிருக்கிறது, சின்னராஜ். உனக்கு அது முன்னமே தெரியுமென்றால் நாங்களெல்லாம் எதற்கு?"

சின்னராஜ் என்னைப் பார்த்தான். நான் ஒரு கோப்பைப் பிரித்தேன்.

சென்னம்மாள் நாள்தோறும் வந்தாள். வாயிலுக்கு வெளியே உட்கார்ந்து, மடியிலிருந்த கேழ்வரகைக் கம்பி வேலியின் ஊடாகச் சேவலை நோக்கி வீசுவாள். சேவலுக்கு எட்டாது. வந்து விழுந்ததையெல்லாம் குருவிகள் தின்றன. ஐந்தாம் நாள் அவள், "உள்ளார இன்னொரு கோழி படுத்திருக்குதே, அது ஏன் தலையத் தூக்கவே மாட்டேங்குது?" என்று கேட்டாள். அது நீண்டதூரம் பயணம் செய்த களைப்பு என்று கூறினேன். அது பொய்யன்று. ஆறாம் நாள் காலை அந்தக் கோழி இறந்துகிடந்தது.

அன்று மாலை ஆய்வுக் குறிப்பேட்டில் சேவலின் நிலையைப் பதிய வேண்டியிருந்தது. அதன் இறகுகள் சற்றே சிலிர்த்திருந்தன. ஒரு கண்ணில் நீர் கோத்திருந்தது. அதை இயக்குநர் அவர்களிடம் தெரிவித்தேன்.

"நின்றுகொண்டிருக்கிறதா?"

"ஆம் ஐயா."

"நின்றுகொண்டிருக்கும் பறவை ஆரோக்கியமான பறவை. அப்படியே எழுதும்."

'ஆரோக்கியம்' என்று எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். பள்ளி நாட்களில் அதற்காகப் பரிசு பெற்றிருக்கிறேன்.

ஏழாம் நாள் விடுவிப்பு விழா நடைபெற்றது. பேரிகையிலிருந்து பஞ்சாயத்துத் தலைவர் வந்திருந்தார். சேவலின் காலில், எண் பொறித்த அலுமினிய வளையம் ஒன்று மாட்டப்பட்டது. காட்டுப் பறவைகளுக்கென ஐந்நூறு வளையங்கள் ஈராண்டுகளுக்கு முன்பே வந்திருந்தன. இது முதல் எண். பிறகு இயக்குநர் அவர்கள் உரையாற்றினார்.

"இந்தச் சேவல் பிறந்தபோது வெறும் சேவல். இன்று இது ஓர் எண். தன் வனத்துக்குத் திரும்பும் இப்பறவையை நாம் வாழ்த்தி அனுப்புகிறோம். இது யாருக்கும் சொந்தமன்று. ஆகவே நாட்டுக்கே சொந்தம். இது எங்கே செல்லும், யாருடன் பழகும் என்பதில் நாம் தலையிடமாட்டோம். தலையிடாமல் பார்த்திருப்பதே எங்கள் துறையின் அடிப்படைக் கொள்கை."

கை தட்டினோம். சென்னம்மாளும் ஓரத்தில் நின்று தட்டினாள். கூண்டுக் கதவு திறந்ததும் சேவல் வெளியே வந்து, வெயிலில் சிறிது நேரம் அசையாமல் நின்றது. அவள் என் அருகில் வந்தாள். தன் குரல் மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாதென்று முந்தானையை வாயருகே பிடித்துக்கொண்டாள்.

"சார், கண்ணு ஒரு மாதிரி தண்ணி வுடுதே. நல்லாத்தானுங்களே இருக்குது? இல்லேன்னா சொல்லிடுங்க சார், வூட்டுப் பக்கம் வுடாம கோயிலாண்டயே கூடை கவுத்து வெச்சிக்கிறேன். எம் பொட்டைக் கோழிங்க இருக்குது."

இயக்குநர் அவர்கள் நான்கு முழத் தொலைவில் நின்றிருந்தார்.

"குறிப்பேட்டில் 'ஆரோக்கியம்' என்று இருக்கிறது அம்மா" என்றேன்.

"நீங்க படிச்சவங்க. சொன்னாச் சரி" என்றாள்.

சேவல் ஏரிக்கரை வழியாக அவள் பின்னாலேயே நடந்தது. நாங்கள் ஜீப்பில் மெதுவாகப் பின்தொடர்ந்தோம். அது நேராக அவள் வீட்டு முற்றத்துக்குள் சென்று, பெட்டைக் கோழிகளின் நடுவே நின்று, அவற்றின் மண்சட்டியில் தண்ணீர் குடித்தது. இயக்குநர் அவர்கள் கடிகாரத்தைப் பார்த்து நேரம் கூறினார். 'காட்டுப் பறவை தன்னிச்சையாக வீட்டுப் பறவைகளுடன் கலந்தது' என்று எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சென்னம்மாளின் கோழிகளில் இரண்டு செத்தன. ஐந்தாம் நாள் பக்கத்து வீடுகளில் தொடங்கியது. நிலையத்தில் ஒருவருக்கும் ஓய்வில்லை. இரண்டாண்டுகளாக மூடிக்கிடந்த அலமாரிகள் திறக்கப்பட்டன. திரு. அருள்ஜோசப் முதன்முறையாக ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குக்கூடச் செல்லாமல் அலுவலகம் வந்தார். இயக்குநர் அவர்கள் ஒரு நாளைக்கு இருமுறை பட்டிக்குச் சென்று எண்ணிக்கை எடுத்துவந்தார். எண்ணிக்கை கூடிய நாட்களில் எங்களுக்குக் காப்பி வரவழைத்தார்.

எட்டாம் நாள் சென்னம்மாள் ஒரு கூடையை மூடித் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே நான்கு பெட்டைகள்.

"தொரை, இது நாலுதான் மிச்சம். ஊசி இருக்குதுன்னு சின்னராசு சொன்னான். போட்டு வுடுங்க."

"போடலாமே அம்மா. ஆனால் நடந்துகொண்டிருப்பது ஓர் ஆராய்ச்சி. நடுவில் ஊசி போட்டால், இவை பிழைத்தது ஊசியாலா, இயற்கையாலா என்று தெரியாமல் போய்விடும்."

"எதாலயாச்சும் பொழைச்சாச் சரிங்க தொரை."

"உங்களுக்குச் சரி. விஞ்ஞானத்துக்குச் சரியாகாது. ஆராய்ச்சி முடிந்தபின் அவசியம் வாருங்கள்."

"முடியறது எப்போங்க?"

"கடைசிக் கோழி..." என்று தொடங்கிய இயக்குநர் அவர்கள், பண்பு கருதி அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. சின்னராஜ் கூடையைத் தூக்கிக் கொடுத்து, "வா அக்கா, போலாம்" என்று அவளை அழைத்துச் சென்றான். அதன்பின் அவன் என்னோடு அலுவல் பற்றி மட்டுமே பேசினான்.

நோய்க்கு இடம் கொடுக்காமல் நெடுநாள் நின்ற செஞ்சேவல், திருநாளுக்கு ஆறு நாள் இருக்கையில், புங்கமரத்திலிருந்து கீழே விழுந்து இறந்தது.

மார்ச்சு முப்பதாம் தேதி அறிக்கை சென்னைக்குச் சென்றது. 'வளர்ப்புப் பறவைகளிடையே நோயே இல்லாதிருந்த ஒரு பட்டியில், ஒரே ஒரு காட்டுப் பறவையின் வருகையால் நூற்று நாற்பத்தாறு வீட்டுப் பறவைகள் இறந்தன. எனவே நோயானது காட்டிலிருந்தே வீட்டுக்கு வருகிறது என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படுகிறது.' இந்த வாக்கியங்களைத் தட்டச்சு செய்தவன் நான். பிழை ஒன்றும் இல்லை, ஐந்து பிரதிகள். நிலையம் மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. இரண்டாவது கூண்டும் அனுமதிக்கப்பட்டது.

திருநாளுக்கு முந்திய நாள் சென்னம்மாள் வந்தாள். எப்போதும்போல வாயிலில் நிற்காமல், நேராக என் மேசைக்கு வந்தாள்.

"சார், அந்தத் தாளுல பேரு போடற எடம் ஒண்ணு இருந்துச்சே, அதுல எம் பேரைப் போடுங்க."

"எதற்கு அம்மா இப்போது?"

"பூசாரி சொல்லிட்டாரு. அம்மனுக்குன்னு விட்டது திருநாளுக்கு முன்னால சீக்கு வந்து செத்தா, அம்மன் அதை வாணாம்னு தள்ளிட்டாளாம். வேண்டுதலும் தள்ளினாப்பலதான்னு. அதைக் கேட்ட நாள்லேர்ந்து எங்கூட்டுக்காரரு கட்டிலை விட்டு எந்திரிக்கலை. இருமிக்கிட்டே செவுத்தைப் பாத்துக்கிட்டுக் கெடக்கறாரு." அவள் குரல் தணிந்தது. "செத்தது என்னுதுன்னு எழுதுங்க சார். பொய் சொன்ன பாவம் எனக்கு வரட்டும். அம்மன் சேவலு வேற, இன்னும் நான் குடுக்கலைன்னு ஆயிடும். சர்க்காரு தாளைக் காமிச்சா பூசாரியும் ஒத்துக்குவாரு. அவரும் எந்திரிச்சிருவாரு."

பேனா என் கையில்தான் இருந்தது. கோப்பு என் வலப்புறம் இருந்தது. ஏழாவது கட்டத்தில் 'இல்லை' என்ற ஒரு சொல்லை அடித்து, அதன் மேல் ஒரு பெயரை எழுத அரை நிமிடம் போதும். எழுதினால், காட்டுப் பறவை வீட்டுப் பறவையாகிவிடும். அறிக்கையும் ஐந்தாண்டுகளும் இரண்டாவது கூண்டும் பொய்யாகிவிடும். திரு. அருள்ஜோசப் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அறிக்கை சென்னைக்குப் போய்விட்டது அம்மா. திருத்துவதற்கு வழியில்லை. வருந்துகிறேன்" என்றேன்.

"அப்போ அது யாருதும் இல்லையா?"

"இல்லை அம்மா."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, அலுமினிய வளையத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். கழுவித் துடைத்திருந்தாள்.

அவ்வழியே சென்ற இயக்குநர் அவர்கள் அதைக் கண்டு மகிழ்ந்தார். "பாருங்கள், இத்தகைய பொறுப்புணர்ச்சிதான் நாட்டுக்குத் தேவை. சர்க்கார் உடைமையை யாரும் சொல்லாமலே திருப்பித் தருகிறார். ரசீது போட்டுக் கொடுத்துவிடும்."

ரசீதுப் புத்தகத்தில் ஒப்படைத்தவர் பெயரை எழுத ஒரு கட்டம் இருந்தது. அதில் அவள் பெயரையும், கங்கப்பன் மனைவி என்பதையும் எழுதினேன். எங்கள் நிலையத்தின் பதிவேடுகளில் அவள் பெயர் இடம்பெற்றது அந்த ஒரு முறைதான்.

"என்ன எழுதியிருக்குதுன்னு படிங்க சார்" என்றாள்.

"'வளையம் ஒன்று. எண் ஒன்று. நல்ல நிலையில் பெறப்பட்டது.'"

"நல்லா இருக்குதுன்னு எழுதியிருக்கீங்களா?"

"ஆம் அம்மா."

"அன்னிக்கும் அப்படித்தான் எழுதியிருந்தீங்க" என்று சொல்லிவிட்டு, ரசீதை வாங்கிக்கொள்ளாமல் போனாள்.